தென்கடல் வாரியமும் கிருபாநிதியின் தொண்டையும்

கிருபாநிதியின் கழுத்தில் இடப்பக்கம், தாடைக்குக் கீழே, ஒரு கட்டி இருந்தது. புளியங்கொட்டை அளவில் இருந்தபோது அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. நெல்லிக்காய் அளவுக்கு வந்த பிறகும் சொல்லியிருக்க மாட்டார். சட்டைக் காலர் ஒரு பக்கம் நிற்காமல் போனதால் மனைவி பிரகாசி பார்த்துவிட்டாள். திரேஸ்புரம் கடற்கரையில் இருபத்தாறு வருடமாக, மைக் இல்லாமல், மீன் ஏலம் கூறி வருகிறவர் அவர். தொண்டைப் பக்கம் எது வந்தாலும் அது தொழிலோடு சேர்ந்து வந்தது என்பது அவருடைய எண்ணம்.

டாக்டர் ஹேமாம்புஜம் கட்டியில் ஊசி வைத்து எடுத்துச் சோதிக்க அனுப்பினார். புற்றுநோய் என்று வந்தது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். சி.டி. எடுத்துப் பார்த்தார். அந்த இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணும் இல்லன்னா நல்லதுதானம்மா?” என்றார் கிருபாநிதி.

“இல்லைங்க. கழுத்துல இருக்கறது பரவி வந்த கட்டி. பிள்ளை மாதிரி. தாய் தொண்டைக்குள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கு. அது எங்கன்னு தெரியணும்.”

“பிள்ளையப் புடிச்சிட்டோம்லா. நாலு தட்டு தட்டிக் கேட்டா சொல்லிட்டுப் போவுது.”

“சும்மா இருங்க,” என்றாள் பிரகாசி. “எங்கன வந்தாலும் வாய்.”

டாக்டர் ஒரு தாளில் தொண்டையை வரைந்து காட்டினார். தாய் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரை முழுவதற்கும் கதிர் வைக்கவேண்டும். எச்சில் வற்றிப்போகும். குரல் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது. இடம் தெரிந்துவிட்டால் அதற்கும் கழுத்துக்கும் மட்டும் வைத்தால் போதும். தெரிந்துகொள்ள பெட்-சி.டி. என்று ஒரு ஸ்கேன் இருக்கிறது. சர்க்கரையில் கொஞ்சம் கதிர்மருந்து சேர்த்து ஊசி போடுவார்கள். புற்றுநோய்க்குப் பசி அதிகம். சர்க்கரையை அள்ளித் தின்னும். தின்ற இடம் படத்தில் எரியும்.

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“ஏலம் கூறுதேன்.”

டாக்டரின் பேனா சற்று நின்றது. “அந்த மெஷின் ஊர்லயே இருக்கு. வாரியத்துல. எழுதித் தாரேன். கொஞ்சம் பொறுமையாப் போங்க.”

தென்கடல் உயர்பரிசோதனை ஒப்புதல் வாரியத்தின் கதை சுருக்கமானது. யாரோ ஒரு புண்ணியவான் ஏழைகளுக்கு என்று அந்த இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தார். அதை யாரும் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாதே என்று பதினொரு பேர் கொண்ட வாரியம் அமைக்கப்பட்டது. இயந்திரம் வந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. ‘இதுவரை ஒரு தவறான ஸ்கேன்கூட எடுக்கப்படவில்லை’ என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். சரியான ஸ்கேன் எத்தனை என்று பலகை சொல்லவில்லை.

விண்ணப்பத்தில் நாற்பத்தொரு கட்டங்கள் இருந்தன. நாற்பதைக் கிருபாநிதி நிரப்பிவிட்டார்.

“பதினாலு காலியா இருக்கு,” என்றாள் கவுண்டரில் இருந்த பெண். பதினான்காம் கட்டம்: நோய் தொடங்கிய உறுப்பு.

“அது தெரியாதும்மா. அதக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேனே.”

“காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போவாது.”

“அப்ப ஏதாவது ஒண்ணப் போடு. நாக்குன்னு போடு.”

போட்டாள். கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போனது. அங்கே சிவப்பு எழுத்தில் வந்ததை அவள் வாசித்துக் காட்டினாள்: “நோய் தொடங்கிய உறுப்பு தெரிந்திருப்பதால் தேடும் ஸ்கேன் தேவையில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.”

“இப்ப என்ன செய்யணும்?”

“புதுசா ஒரு ஃபாரம் வாங்குங்க. பதினாலக் கண்டுபிடிச்சுப் போட்டுட்டு வாங்க.”

“கண்டுபிடிச்சுப் போட்டா நிராகரிச்சிருமே.”

“ஆமா,” என்றாள். அவள் கேலி செய்யவில்லை. மழை வந்தால் நனையும் என்பதைப் போலச் சொன்னாள்.

பத்தொன்பது நாளில் அவர் ஐந்து முறை போய்வந்தார். பிரகாசி வெள்ளிக்கிழமைதோறும் தையல் நூலால் கட்டியை அளந்து, நூலை அந்த நீளத்துக்கு வெட்டி, நாள்காட்டியில் குத்திவைத்தாள். நூல்கள் நீண்டுகொண்டே வந்தன. ஐந்தாவது முறை அவர் கவுண்டரை விட்டு நகர மறுத்ததால் வாரியத் தலைவர் சுதர்சனத்தின் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

தலைவரின் மேசையில் கோப்புகள் இல்லை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம் தொங்கியது. கறுப்பில் மஞ்சளாக ஏதோ எரிந்துகொண்டிருந்தது. சந்தன மாலை போட்டிருந்தார்கள்.

“என்ன பாக்குறீங்க? என் மூளைதான்,” என்றார் சுதர்சனம். “திறப்பு விழா அன்னிக்கு மெஷினை டெஸ்ட் பண்ணணும்னாங்க. முதல் ஆளா நானே படுத்தேன். எப்படி எரியுது பாருங்க. பொறுப்புல இருக்கறவன் மூளை அப்படித்தான் இருக்கும்.”

“சார், எனக்குத் தொண்டையில—”

“உக்காருங்க. நீங்க ஏலம் கூறுறவராமே. அப்ப உங்களுக்கே புரியும், அவசரப்பட்டா நஷ்டம். நான் முப்பது வருஷம் கிடங்கு சூப்பிரண்டா இருந்தவன். என் கிடங்குல இருந்து ஒரு மூட்டைகூடத் தப்பா வெளிய போனதில்ல. எப்படின்னு கேளுங்க.”

“எப்படி சார்?”

“எந்த மூட்டையும் வெளிய போகல. ஆடிட்டுக்கு வந்தவங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க. அந்த ரெக்கார்டைப் பாத்துத்தான் இங்க கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க. இப்ப நம்ம மெஷினை வந்து பாருங்க. பதினாறு மாசம் ஆச்சு, அன்னிக்கு நான் எந்திரிச்சதும் மாட்டின பிளாஸ்டிக் கவரை இன்னும் பிரிக்கல. ஒரு கீறல் கிடையாது. வேற எந்த ஊர்லயாவது இந்த மாதிரி வச்சிருக்காங்களா?”

கிருபாநிதி போய்ப் பார்த்தார். நன்றாக வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். மூளைப் படத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டார். மூளை சர்க்கரையைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது, அதனால் எல்லோருடைய மூளையும் இந்த ஸ்கேனில் எரியும், மூளைக்குள் இருக்கும் கட்டியை இதில் பிரித்துப் பார்ப்பது கடினமாவதே அதனால்தான் என்று டாக்டர் சொன்னார்.

“அவருக்கும் எரியுதுன்னா அந்த மெஷின நம்பவே கூடாது,” என்றாள் பிரகாசி.

இருபத்திரண்டாம் நாள் வாரியத்திலிருந்து போன் வந்தது. ஆண்டறிக்கை அச்சுக்குப் போகிறது, அதில் ‘பயனாளியுடன் தலைவர்’ என்ற தலைப்பில் ஒரு படத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள், பயனாளி யாரும் கிடைக்கவில்லை. ஆண்டறிக்கைக்காகப் பதினான்காம் கட்டத்தைத் தளர்த்தலாம் என்று விதியில் ஒரு வழி இருந்தது.

ஆறு மணி நேரம் வெறும் வயிறாக இருந்து வரச் சொன்னார் டாக்டர். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் ஊசியில் போகும் சர்க்கரையைக் கட்டி சீண்டாது. கிருபாநிதி முந்தைய இரவு சாப்பிட்டதோடு சரி. காலை எட்டு மணிக்கு வாரியத்துக்குப் போனபோது சுதர்சனம் ஒப்புதல் கடிதத்தையும் ஒரு தட்டில் ஜாங்கிரியையும் வைத்துக்கொண்டு நின்றார்.

“சார், எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“அது மருத்துவ விதி. இது வாரியத்தோட மரபு. ஒப்புதல் வாங்குறவர் வாயில தலைவர் கையால இனிப்பு வைக்கணும். வாயத் தொறங்க.”

கிருபாநிதி சுற்றிலும் பார்த்தார். உறுப்பினர்கள் வரிசையாக நின்றார்கள். கடிதம் தலைவரின் இடது கையில் இருந்தது. இனிப்பு வலது கையில். இடது கை நீளுவதாக இல்லை. வாயைத் திறந்தார். முதல் படத்தில் தலைவர் கண்ணை மூடிவிட்டார். இரண்டாவதில் சுவரில் இருந்த மூளை சரியாக விழவில்லை. மூன்றாவது ஜாங்கிரியில்தான் படம் அமைந்தது.

ஸ்கேன் அறையில் டெக்னீசியன் ஜெனோ விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தான். பிறகு கிருபாநிதியின் உதட்டோரத்தைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இன்னிக்கு முடியாது.”

‘பயனாளி விதியை மீறி இனிப்பு உட்கொண்டதால் ரத்து’ என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

அடுத்த தேதி பதினொரு நாள் கழித்துக் கிடைத்தது. இம்முறை ஜாங்கிரி இல்லை, கையெழுத்து இருந்தது. அந்தக் கதிர்மருந்து வெளியூரிலிருந்து ஈயப் பெட்டியில் காரில் வரும். அதன் குணம் என்னவென்றால், இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே பாதியாகிவிடும். மிச்சப் பாதி அடுத்த இரண்டு மணிக்குள் கால் ஆகும். காலை ஏழரைக்குப் பெட்டி வந்து சேர்ந்தது. அதைத் திறக்கப் பதினொரு உறுப்பினர்களும் கையெழுத்துப் போடவேண்டும். பத்துப் பேர் ஒன்பதரைக்குள் போட்டுவிட்டார்கள். பதினோராமவர் ஆலந்தலையில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். பந்தி முடிந்து, வெற்றிலை போட்டு, அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று.

ஜெனோ கருவியை வைத்து அளந்து, எட்டில் ஒரு பங்குதான் இருக்கிறது, இது போதாது என்றான்.

சுதர்சனம் பெட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். “பாக்கி ஏழு பங்கு எங்க?”

“தானாக் குறையும் சார். அது அப்படித்தான்.”

“முப்பது வருஷம் கிடங்குல இருந்தவன்கிட்ட சொல்ற. தானாக் குறையிற சரக்குன்னு ஒண்ணு இருக்கா? உப்பு கரையும், ஒத்துக்கறேன். அதுக்கு மழை வரணும். இன்னிக்கு மழை பெய்ததா?”

“இல்ல சார்.”

“அப்ப யாரோ எடுத்திருக்கான்.”

ஸ்டோர் கீப்பர் அன்று மாலையே தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் வீட்டில் தேடிப் பார்த்தார்கள். அங்கும் மருந்து இல்லை, அது குற்றத்தை உறுதி செய்தது. எல்லாக் கையெழுத்துகளும் முடியும்வரை மருந்து எந்தக் காரணத்தைக் கொண்டும் குறையக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போனது. அதன் நகல் ஒன்றை ஈயப் பெட்டியின் மேலும் ஒட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வெட்டிய நூலைப் பிரகாசி நாள்காட்டியில் குத்தவில்லை. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வேற ஊருக்குப் போயிருவமா?” என்றாள்.

கிருபாநிதி டாக்டரிடம் கேட்டார். வாரியத்தில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை உதவித் திட்டத்தில் வேறு எங்கும் எடுக்க முடியாது என்று தெரியவந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற வாரியம் ஒப்புதல் தரவேண்டும்.

மூன்றாவது முறை, பதினோராம் உறுப்பினரை டாக்டர் ஹேமாம்புஜமே தன் காரில் ஏற்றி வந்து, காலை எட்டு மணிக்குக் கையெழுத்துப் போடவைத்தார். எட்டேகாலுக்கு ஜெனோ ஊசியைப் போட்டான்.

“அண்ணாச்சி, இனி ஒரு மணி நேரம் வாயே தொறக்கக் கூடாது,” என்றான். “பேசினா நாக்கும் குரல்நாணும் வேலை செய்யும். வேலை செய்த தசை சர்க்கரைய இழுத்துரும். அப்புறம் தொண்டை பூரா எரியும். எது நோவு, எது பேச்சுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது. முனங்கக்கூடக் கூடாது, கேட்டீங்களா? ஆமான்னு சொல்லிராதீங்க.”

கிருபாநிதி சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் தன் பிழைப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இருபது நிமிடம் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அப்போது கதவு திறந்தது. சுதர்சனமும் இரண்டு உறுப்பினர்களும் ஒரு கோப்போடு வாசலில் நின்றார்கள்.

“ஊசி போட்ட ஆளும் ஸ்கேன் எடுக்கிற ஆளும் ஒண்ணுதான்னு உறுதி செய்யணும்,” என்றார் சுதர்சனம். “பயனாளி தன் சொந்தக் குரல்ல பேரு, தகப்பனார் பேரு, விலாசம் சொல்லி, இந்த ஒன்பது வரி உறுதிமொழியையும் வாசிக்கணும். சொல்லுங்க.”

கிருபாநிதி ஜெனோவைப் பார்த்தார்.

“இப்பப் பேசினா படம் கெட்டுரும் சார்,” என்றான் ஜெனோ.

“படம் கெடுறது மருத்துவப் பிரச்சினை. பேசாம இருக்கறது நிர்வாகப் பிரச்சினை. நான் நிர்வாகம். அவர் பேசலன்னா ‘பயனாளி ஒத்துழைக்க மறுத்தார்’னு எழுதணும். எழுதிட்டா ஒரு வருஷத்துக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது. எனக்கே வருத்தமாத்தான் இருக்கு.” பேனாவைத் திறந்தார்.

பேசினால் ஸ்கேன் போயிற்று. பேசாவிட்டாலும் ஸ்கேன் போயிற்று. கிருபாநிதிக்கு வாய்க்குள் நாக்கு துடித்தது. பல்லால் அதை மெல்லப் பிடித்துக்கொண்டார். பிறகு, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, வலது புருவத்தைத் தூக்கினார்.

திரேஸ்புரத்தில் எந்த வியாபாரியும் வாய் திறந்து விலை கேட்பதில்லை. தான் கேட்கும் விலை பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. புருவம் தூக்கினால் சம்மதம். காதைத் தொட்டால் விலகுகிறேன் என்று பொருள். இருபது முகங்களை ஒரே நேரத்தில் வாசிப்பதுதான் ஏலக்காரனின் வேலை. ஜெனோவின் அப்பா சுந்தரராஜ் அங்கே சீலாவும் விளமீனும் எடுக்கும் வியாபாரி. ஜெனோ அந்தக் கூட்டத்தில் நின்று வளர்ந்தவன்.

“சார், அவரு சொல்லிட்டாரு,” என்றான்.

“எங்க சொன்னார்?”

“புருவம் தூக்கினாருல்லா. எங்க கடற்கரையில அதுதான் வாக்கு. ஒரு படகு மீனும் அதுலதான் கை மாறும். இதுவரை யாரும் மாத்திப் பேசினது கிடையாது.”

மூவரும் கோப்பைப் புரட்டினார்கள். விதியில் குரல் என்றுதான் இருக்கிறது, புருவம் என்று இல்லை என்றார் ஒருவர். புருவம் கூடாது என்றும் இல்லையே என்றார் மற்றவர். இதற்கு ஓர் உபகுழு அமைக்கலாமா என்ற பேச்சு வந்தது. உபகுழுவில் கண் மருத்துவர் இருக்கவேண்டுமா, தோல் மருத்துவரா என்பதில் இழுபட்டது. சுவர்க் கடிகாரம் ஒன்பதேகாலைத் தாண்டியது. மருந்து சுற்றறிக்கையை மதிக்காமல் குறைந்துகொண்டிருந்தது. சுதர்சனம் குழப்பத்தில் காதைச் சொறிந்தார்.

“சரி. தலைவர் விலகிட்டாரு,” என்றான் ஜெனோ.

“நான் எங்கப்பா விலகினேன்?”

“காதத் தொட்டீங்கல்லா. சாருங்க ரெண்டு பேருல யாரும் கேக்கீங்களா? இல்ல. ஒருதரம். ரெண்டுதரம். மூணுதரம்.”

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. கதிருக்குப் பயந்து யாரும் பின்னால் வரவில்லை. இயந்திரத்துக்குள் மெல்ல நகர்ந்துபோனபோது, தன்னை வேறொருவன் ஏலத்தில் முடித்துக் கொடுத்தது இதுவே முதல் தடவை என்று கிருபாநிதி நினைத்தார். சிரிக்கவும் கூடாது என்பதால் சிரிக்கவில்லை.

படத்தில் நாக்கின் அடிவேரில், இடப்பக்கம், கடலைப்பருப்பு அளவில் ஓர் இடம் எரிந்தது. டாக்டர் சரியாக அந்த இடத்தில் சதை எடுத்துப் பார்த்தார். தாய் அங்கேதான் இருந்தது. முப்பத்தைந்து நாள் கதிர், இடையிடையே மருந்து. வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சி இறங்கவில்லை. பதினொரு கிலோ குறைந்தார். ஆனால் குரல்வளை தப்பியது. மூன்றாவது மாதம் குரல் திரும்பத் தொடங்கியது. வாரிய வளாகத்தில் அனுமதியின்றி ஏலம் நடத்தியதற்காக ஜெனோவைக் கோப்புப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

சிகிச்சை முடிந்து பன்னிரண்டு வாரம் ஆனதும் இன்னொரு ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கழுத்தில் கட்டி இருந்த இடத்தில் பட்டாணி அளவில் ஒரு தடிப்பு மிச்சம் இருந்தது.

“இது வெறும் தழும்பா, உள்ள இன்னும் உயிர் இருக்கான்னு கையால தொட்டுச் சொல்ல முடியாது. ஸ்கேன்ல எரியலன்னா விட்டுரலாம். ஸ்கேன் இல்லன்னா கழுத்தத் திறந்துதான் எடுக்கணும். தோள் நரம்பு பக்கத்துலதான் ஓடுது.”

கிருபாநிதி மறுபரிசோதனை விண்ணப்பத்தோடு போனார்; இதில் உறுப்பு தெரிந்திருந்தால் தடையில்லை. பதினான்காம் கட்டத்தை இப்போது மனப்பாடமாக நிரப்பினார். சுதர்சனம் அவரை வாசலுக்கே வந்து வரவேற்றார். வாரியத்தின் ஆண்டு விழா வரும் சனிக்கிழமை. பயனாளி மேடையில் நன்றி சொல்லவேண்டும்.

“கையெழுத்தை மேடையிலேயே போட்டுத் தாரேன்,” என்றார். “நாலு வார்த்தை பேசுங்க. போதும்.”

மண்டபம் நிறைந்திருந்தது. பிரகாசி மூன்றாவது வரிசையில் இருந்தாள். மேடையில் தலைவரின் முன்னால் கிருபாநிதியின் கோப்பு திறந்து கிடந்தது. மூடி கழற்றிய பேனா அதன் மேல் இருந்தது. மைக் முன்னால் நின்றபோது அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஜாங்கிரி இருந்தது. பணிநீக்கத்தில் இருக்கும் ஸ்டோர் கீப்பர் இருந்தார். மண்டபத்தின் கடைசியில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டு ஜெனோ நின்றான். பேனாவைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்த வாரியத்துக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்,” என்றார். “தலைவர் அய்யாவுக்கு நன்றி. உறுப்பினர்கள் எல்லாருக்கும் நன்றி.”

சிகிச்சை தொடங்கிய பிறகு அவர் ஒரு கூட்டத்தின் முன் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் மைக்கைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பியது. கைதட்டினார்கள். சுதர்சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

“கேட்டீங்களா? இதே மனுஷன் அன்னிக்கு என் முன்னால ஒரு வார்த்தை பேச முடியாம உக்காந்திருந்தார். பேரு கேட்டேன், சொல்ல முடியல. விலாசம் கேட்டேன், சொல்ல முடியல. புருவத்த மட்டும் தூக்கினார். இன்னிக்கு வெண்கலம் மாதிரிப் பேசுறார். இந்தக் குரல்ல நோய் இருக்கா? சொல்லுங்க.”

இல்லை என்றது மண்டபம்.

“அப்ப இன்னொரு ஸ்கேன் எதுக்கு? அவரை எதுக்கு நாம கஷ்டப்படுத்தணும்?”

கோப்பில் ‘பயனாளி பூரண குணம். ஸ்கேன் தேவையில்லை’ என்று எழுதி, சொன்னபடியே மேடையில் கையெழுத்துப் போட்டார். பொன்னாடை போர்த்திக் கோப்பைக் கையில் கொடுத்தார்கள்.

கிருபாநிதி படியிறங்கி வந்தார். பிரகாசி அவர் கையிலிருந்து கோப்பை வாங்கி வாசித்தாள். மூடினாள்.

“கொஞ்சம் கரகரன்னு பேசியிருந்தா என்ன கெட்டுப்போச்சு உங்களுக்கு?” என்றாள்.